பதினாறிலும் இல்லை

பாலேந்திரா ஆறு மணிக்கு எழும்பினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான், சவரம் செய்தான், ஒரு துண்டுப் பாணை நின்றபடியே சாப்பிட்டான். பிறகு மேசையில் கிடந்த அணிப் பட்டியலை எடுத்து, முதலாவதாக இருந்த பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டினான்.

அது அவன் மனைவியின் தம்பி குகதாசனின் பெயர். மனைவி செல்வமலர் ஆஸ்பத்திரியில் இறந்து அன்றைக்கு நாற்பத்தாறாவது நாள்.

பதினொரு மணிக்குக் கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், பழைய மாணவர் சங்கக் கூட்டம். யாழ்ப்பாணத்தில் ஒரே வீதியின் இரு முனைகளில் இருந்த இரண்டு கல்லூரிகள் லண்டனில் வருடத்துக்கு ஒருமுறை உதைபந்தாட்டத்தில் மோதும். தொண்ணூறாம் ஆண்டிலிருந்து மூன்று முறையும் பாலேந்திராவின் கல்லூரிக்குத் தோல்வி. நாலாவது ஆட்டம் அடுத்த ஞாயிறு.

அங்கத்தவர்கள் பதினாறு பெயரைத் தர வரிசைப்படி எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரிசையை மாற்றும் உரிமை கப்டனுக்கு மட்டும்தான். இந்த வருடக் கப்டன் பாலேந்திரா.

சங்கத் தலைவர் செல்வரத்தினம் பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஐசே, நாப்பத்தொரு பேரில முப்பத்தெட்டுப் பேர் குகதாசனை முதலாமிடத்தில போட்டிருக்கினம். நீர் பதினாறிலயும் போடேல்லை.”

“ஓம்.”

“என்ன ஓம்? போன வருசம் மூண்டு கோல் அடிச்சவன்.”

“மூண்டில ரெண்டு ஓஃப்சைட்.”

“றெஃபரிக்குத் தெரியாத ஓஃப்சைட் உமக்கு ஒரு வருசத்துக்குப் பிறகு தெரியுதோ?”

“அவங்கட கொலிஜ்காரர் இதைக் கேட்டா, எங்கட கப்டனுக்கு மாலை போடுவாங்கள்,” என்றான் கோல்காப்பாளன் பஸ்தியாம்பிள்ளை. சிலர் சிரித்தார்கள்.

குகதாசன் சிரிக்கவில்லை. அவனுக்கு வெம்பிளியில் பெண் பேசியிருந்தார்கள். அக்காவின் சாவால் கலியாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தகப்பன் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது. அது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

“அத்தான், நான் என்ன பிழை விட்டனான்?”

“நீ ஒருத்தனுக்கும் பந்து குடுக்கிறேல்லை.”

“குடுத்தா நீங்கள் வெளியாலதானே அடிக்கிறியள்.”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிக்கிறவை கீழ போய்ச் சிரியுங்கோ,” என்றான் பாலேந்திரா. சிரிப்பு நின்றது.

செல்வரத்தினம் குரலைத் தணித்தார். “சரி, கடைசிப் பத்து நிமிஷம் இறக்குவம். பெடியன் அவையளுக்கு முன்னால ஒருக்கா ஓடிக் காட்டட்டும்.”

“பத்து நிமிஷமும் ஏலாது.”

“அப்ப என்ர இடத்தில, கோலுக்க விடுங்கோ. நான் வீட்டில படுக்கிறன்,” என்றான் பஸ்தியாம்பிள்ளை, பகிடியாக.

பாலேந்திரா பேனாவை எடுத்தான். “அதெண்டாச் சரி.”

அணியிலேயே வேகமான கால்காரன் குகதாசன்.

குகதாசன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். “ரெண்டு கம்பத்துக்கு நடுவில என்னைக் கட்டி வைக்கப் போறியளோ? அவையள் வந்து என்னத்தைப் பாக்கிறது?”

“அப்ப வீட்டில இரு.”

“எனக்கு விளங்குது. உங்கட வீடு இருண்டு போச்செண்டு என்ர வீட்டு லைட்டையும் நூக்கப் பாக்கிறியள்.”

பாலேந்திரா மேசையில் ஓங்கி அடித்தான். ஒரு கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது. “நான் கப்டனா இருக்குமட்டும் நீ அந்தக் கிரவுண்டில கால் வைக்கமாட்டாய்.”

“அப்ப நீர் விலத்திறது நல்லம்,” என்றார் செல்வரத்தினம்.

“ஞாயிறு முடியட்டும், விலத்திறன்.”

“முப்பத்தெட்டுப் பேரின்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டோ?”

“ஓம். பூசிப்போட்டு.”

குகதாசன் கதவடியில் நின்றான்.

“அக்கா கடைசியா உங்களோடதான் கதைச்சவ. என்னைப்பற்றி ஒண்டுமே சொல்லேல்லையோ?”

“உன்னைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“சொல்லியிருந்தா நீங்கள் இப்பிடிச் செய்யமாட்டியள்.” அவன் கதவைத் திறந்தான். “இனி எனக்கு அத்தான் எண்டு ஒருத்தரும் இல்லை.”

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பஸ்தியாம்பிள்ளை கடைசியாகப் போனான். இப்போது அவனிடம் பகிடி இல்லை.

“மலர் இருந்திருந்தா, உம்மட முகத்தில முழிச்சிருக்கமாட்டா.”

பாலேந்திரா உடைந்த கோப்பையைப் பொறுக்கிக் குப்பையில் போட்டான். பட்டியலில் கையெழுத்து வைத்தான். குகதாசனின் பெயரை மேலும் ஒருமுறை, தாள் கிழியும்படி வெட்டினான்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் மூடியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு செல்வமலர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“தம்பிக்கும் இதே நெஞ்சு வருத்தம்தான், எனக்கு மட்டும் சொன்னவன். நான் சொன்னதெண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ, அவனை ஓட மட்டும் விடாதேங்கோ.”