குழந்தை தொட்ட லென்ஸ்

கேமராவுக்கென்று பரிசாக வந்த பிரைம் லென்ஸை, "நல்ல நாளில் எடுக்கலாம்" என்று வடிவு பீரோவில் வைத்தாள்.

"நல்ல நாளா? அதற்குக் காத்திருந்துதான் என் கண்ணில் பூஞ்சை பூத்தது" என்று சிரித்தது அங்கே ஏற்கெனவே கிடந்த பழைய லென்ஸ்.

புது லென்ஸ் தன் மூடியிடம், "கதவு திறந்ததும் குதித்துவிடு" என்றது.

"தூசி படுமே!"

"படட்டும். நான் பார்த்தே ஆகவேண்டும்."

வடிவு புடவை எடுக்கக் கதவைத் திறந்தாள். மூடி குதித்து, தவழ்ந்து வந்த அவள் குழந்தையிடம் உருண்டது. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். வடிவு அவசரமாகப் புது லென்ஸைக் கேமராவில் மாட்டினாள். அது தூரத்தைக் கிட்டே இழுக்காத லென்ஸ். அவள்தான் நெருங்கிப் போகவேண்டியிருந்தது. குழந்தை எச்சில் கையால் கண்ணாடியைத் தொட்டாள்.

"ஐயையோ, கறை!" என்று அலறியது மூடி.

"சும்மா இரு, சிரிக்கிறாள்" என்றது லென்ஸ்.