டம்ளர் மறந்த பெயர்

ரெஜினா வீட்டு டம்ளர்கள் எச்சிலில் கலந்திருக்கும் ரத்த வகையின் அடையாளத்தைப் பார்த்துக் குடிப்பவரின் பெயரைச் சொல்லும். ஒருநாள் காலையில் அவள் கணவர் பனிமயராஜ் காபி குடித்தபோது, "வெளியாள்" என்றது டம்ளர்.

"சரியாக் கழுவலையா, ரெஜினா?" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்ப்புற்றில் செத்த அவள் அண்ணனையும் டம்ளர் முதலில் இப்படித்தான் மறந்தது.

"வாயத் தொறங்க."

நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது.

புற்றுதான். கதிர்வீச்சுச் சிகிச்சையில் அவர் உயிர் தப்பினார்; எச்சில்தான் அடியோடு வற்றிவிட்டது. வீடு திரும்பித் தண்ணீர் குடித்தபோது, "யாரும் குடிக்கவில்லை" என்றது டம்ளர்.

பக்கத்தில் நின்ற அவர்கள் மகள் அழுதாள்.

"நான் இங்கனதான இருக்கேன்," என்றார், தனக்கே சந்தேகம் வந்தவர்போல.

மறுநாளிலிருந்து ரெஜினா முதல் வாய் குடித்துவிட்டு நீட்டுகிறாள். டம்ளர் அவள் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயரில் அவர் குடிக்கிறார்.