கிருமிக்குப் பசி

"அடியேய் றுக்கியா! காலையில இருந்து ஒரு பஸ்ஸும் வரல்ல. ஓடி வாங்கடி, கிருமி சாகப் போகுது!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மக்டலின் அக்கா கத்தினாள்.

உப்புப் பாத்தியில் குனிந்து நின்ற றுக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த மனுசிக்கு வெக்கமே இல்லையா? கல்பிட்டி வரைக்கும் கேக்கக் கத்துறா."

"போவம் ராத்தா," என்றாள் பக்கத்துப் பாத்தியில் நின்ற அலீமா. "கிருமி செத்தா அவட வேலை போயிருமாம். பாவம்."

"அவட வேலைக்காக நாம கக்கூஸுக்குப் போகணும். நல்ல கதை!"

மக்டலின் காவல் இருப்பது, கல்பிட்டி ரோட்டில் போகிறவர்கள் இறங்கி இளைப்பாறக் கட்டின இடத்தில். கக்கூஸ் பளபளவென்று இருக்கும். நிலத்துக்குக் கீழே பெரிய தொட்டிகள். போகிறதையெல்லாம் அதற்குள் இருக்கிற கிருமிகள் தின்று தீர்க்குமாம். தெளிந்த தண்ணீர் பூமரங்களுக்குப் போகும்.

உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு மறைப்புக் கூட இல்லை. பொழுது சாயும் வரை அடக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அதற்குப் பயந்து ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். றுக்கியா இரண்டு தடவை சலக்கடுப்பு வந்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். "இன்னொருக்கா வந்தா கிட்னி போயிரும்" என்று டொக்டர் ஏசியே அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் ரோட்டைக் கடந்து ஓடினாள். அப்போதிருந்த காவல்காரன் அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்தான். பிறகு பலகையைக் காட்டினான். 'பிரயாணிகளுக்கு மட்டும்.'

செத்தாலும் இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவன் போய் மக்டலின் வந்தாள். வந்த கிழமையே வரம்பில் நின்று கெஞ்ச ஆரம்பித்தாள். கிழமை நாட்களில் சனமே வருவதில்லை, கிருமி பட்டினி கிடக்கிறது, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று.

கெஞ்சிக் கேட்டால் போகலாம்தானே. றுக்கியா போனாள். ஆனால் மகாராணி மாதிரித்தான் போனாள்.

இன்றைக்கும் வாசலிலேயே மறித்து ஆளுக்கு இரண்டு கோப்பை தண்ணீரை நீட்டினாள் மக்டலின்.

"குடிச்சிட்டுப் போ. வத்தின வயித்தோட வந்தா கிருமிக்கு என்ன பிரயோசனம்?"

"எங்கள என்ன, மாடெண்டு நினைச்சீங்களா?"

"மாடெண்டாலும் பால் தரும். கதைக்காமக் குடியடி!"

'தன் வேலை போகக் கூடாது, அவ்வளவுதான் இவளுக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டு றுக்கியா இரண்டையும் குடித்தாள்.

வெளியே வந்தபோது, இஞ்சினியர் ஒருவர் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். றுக்கியாவுக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது.

"சேர், உங்கட கிருமி உயிரோட இருக்கிறது எங்களாலதான். தெரியுமா?"

"எப்படித் தங்கச்சி?"

"பஸ் வராத நாள்ல நாங்கதானே வந்து சாப்பாடு போடுறோம்! இல்லாட்டிச் செத்திருக்கும்."

அவர் சிரித்துவிட்டார்.

"ஆர் சொன்னது? சனி, ஞாயிறு வாற சனமே இதுகளுக்குத் தாராளம். ரெண்டு கிழமை ஒருத்தரும் வராட்டியும் சாகாது. மக்டலினுக்கு முதல் நாளே எல்லாம் விளக்கமாச் சொன்னேனே!"

மூடியைப் போட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார்.

றுக்கியா விரல்களை மடக்கினாள். சலக்கடுப்பு வந்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தாள். மக்டலின் வந்த பிறகு ஒரு தடவை கூட வரவில்லை.

விளக்குமாறும் கையுமாக மக்டலின் வெளியே ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சேர் என்னடி சொன்னார்?"

றுக்கியா உப்பளத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"ஒண்டுமில்ல அக்கா. கிருமியெல்லாம் சுகமாம்."

அடுத்த நாள் பத்து மணிக்கு மக்டலின் வாயைத் திறக்கும் முன்னமே உப்புப் பாத்தியிலிருந்து சத்தம் வந்தது.

"அலீமா, மண்வெட்டியப் போட்டுட்டு வாடி! அதுகள் பசியில கிடக்கும்!"