முதல் கட்டத்துச் சுண்டெலி

ஒரு செல்போன் விளையாட்டின் முதல் கட்டத்தில் ஒரு சுண்டெலி இருந்தது. வீரன் வந்தால் குறுக்கே ஓட வேண்டும். அவன் எகிறி மிதித்தால் சாக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் எழுந்துவிடும். அதற்கு அந்தப் பிழைப்பு பிடித்தே இருந்தது.

"என்னடா சுண்டு, இன்னிக்கும் மிதி வாங்கியாச்சா?" என்று கடைசிக் கட்டத்துப் பூதம் மட்டும் சீண்டிக்கொண்டே இருக்கும்.

அன்று விளையாட வந்தது புதுக் கை. குதிக்கத் தெரியாமல் வீரன் எலிமேல் மோதி மோதியே செத்தான்.

"சே! இன்னொரு தடவை செத்தா இந்த விளையாட்டையே அழிச்சிடுவேன்" என்று வெளியே குரல் கேட்டது.

அது எலியின் காதில் விழுந்தது. அழித்துவிட்டால் தானும் இல்லை, பூதமும் இல்லை.

"விடாதே, கடிச்சு வை! நீ ஜெயிக்கிற நாள் இதுதான்டா!" என்று பூதம் கத்தியது.

வீரன் தடுமாறி வந்தான். எலி ஓடாமல் நடுவழியில் நின்று முதுகைக் காட்டியது. வீரன் கோணல்மாணலாக எகிறி அதன்மேலேயே விழ, எலி செத்தது. வெளியே ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே வீரன் அடுத்த குழியில் விழுந்து சாக, அழிக்கும் பேச்சே இல்லாமல் ஆட்டம் மறுபடி தொடங்கியது.

"வேணும்னே தோத்தியே, வெட்கமா இல்லை?" என்றது பூதம்.

"சத்தம் போடாதீங்கண்ணே, கை பழகட்டும்" என்று சொல்லிவிட்டு எலி குறுக்கே ஓடியது, கொஞ்சம் மெதுவாகத்தான்.