யாருடைய என்ஜின்?

என்ஜினின் பக்கவாட்டில் இருந்த மூடியைக் கழற்றியதும் கறுப்பாகச் சேறு வழிந்து அவள் ஷூவில் சொட்டியது. செத்த எலியையும் அழுகிய முட்டையையும் ஒன்றாகப் பிசைந்தது போல நாற்றம். துப்பட்டாவை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டாள்.

“தினமும் பத்துப் பேர் வாயைத் திறந்து பார்க்கிறவன் நான். எனக்கே குமட்டுது மேடம்” என்று இரண்டடி பின்னால் போனார் பல் டாக்டர்.

கார் அவருடையது. அறுபது வருஷப் பழசு, வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. உள்ளே இருந்த என்ஜின் அந்தக் காருடையது இல்லை என்பதுவரை அவருக்கே தெரிந்துவிட்டது. அப்படியானால் அது எந்த வண்டியுடையது என்று சொல்லத்தான், பழைய கார்களைப் பரிசோதிக்கும் அவளை வரவழைத்திருந்தார்.

எண் பொறித்த இடத்தைத் துரு தின்றிருந்தது. அதன்மேல் யாரோ சில்வர் பெயிண்டைப் பூசி மெழுகியிருந்தார்கள். சேற்றை விரலால் கிளறினாள். மணல், மிளகு அளவில் இரண்டு மூன்று நத்தை ஓடுகள்.

“ரேடியேட்டருக்கு நல்ல தண்ணி ஊத்தணும்னுகூடத் தோணலை. குட்டையில அள்ளி ஊத்தி ஓட்டியிருக்கான். என்ன ஜென்மமோ.”

“இவனெல்லாம் பல்லும் விளக்கியிருக்க மாட்டான்” என்றார் டாக்டர்.

அவள் பெயிண்டைச் சுரண்டினாள். இரும்பில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதை அடைக்க வரிசையாக ஏழு பித்தளைத் திருகாணிகள். ஏழாவது மட்டும் கோணல்.

சுரண்டிய கை அப்படியே நின்றது.

அந்த ஏழாவதை முறுக்கியது அவள்தான். அப்போது ஒன்பது வயது. “கோணலாப் போச்சேப்பா” என்றதற்கு, “இருக்கட்டும், அது உன் கையெழுத்து” என்று சிரித்த மனிதர், அடுத்த மாதமே அந்த என்ஜின் இருந்த வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. அதே வாரம் எதிர்வீட்டு டீச்சரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனாள். மீதியைத் தெருவே பேசி முடித்தது. ஓடிப்போனவனுக்கு என்ன புகார் வேண்டிக்கிடக்கிறது என்று மாமா போலீஸுக்குக்கூடப் போகவில்லை.

இருபது வருஷமாக வீட்டில் அவருக்கு ‘அந்த ஆள்’ என்றுதான் பெயர். அம்மா மட்டும் வாசற்கதவின் பூட்டை மாற்ற விடவில்லை. அவரிடம் ஒரு சாவி இருக்கிறதாம்.

“என்ன மேடம், தெரிஞ்சுதா?”

“தெரிஞ்ச வண்டிதான் டாக்டர். இதை எங்க வாங்கினீங்க?”

ஊரின் மறுகோடியில் இருந்த பழைய இரும்புக் கடையைச் சொன்னார். போகிற வழியிலேயே அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

“அந்த ஆள் காரையும் உடைச்சு வித்துத் தின்னாச்சும்மா. விலாசம் கேட்கத்தான் போறேன். கிடைச்சா நேரா அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, அந்த மூஞ்சியில காறித் துப்பிட்டுதான் மறுவேலை.”



“நல்லா இருக்காரான்னு மட்டும் கேட்டுட்டு வா” என்றாள் அம்மா.

  அவள் ஃபோனைத் துண்டித்தாள்.

கடைக்காரர் பெரிய தராசின் தட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஃபோனில் காட்டிய என்ஜின் படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நம்ம கடைச் சரக்குதான். காருக்குள்ள இடம் காலியா இருக்க வேண்டாம்னு தூக்கி வச்சுக் குடுத்தோம். அது ஓடாதும்மா.”

“உங்களுக்கு வித்தவர் விலாசம் வேணும்.”

“வித்தவர்னு யாரும் இல்லையே.”

“தானா நடந்து வந்து உங்க கடையில படுத்துக்கிச்சா? அந்த ஆள் என்ன சொல்லி வாயை அடைச்சாரோ தெரியலை. நான் அவர் பொண்ணு. விலாசத்தைக் குடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

கடைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, தட்டிலிருந்து மெதுவாக இறங்கினார்.

“போன வருஷம் ஏரி வத்திச்சில்ல, அப்போ நடு ஏரியில ஒரு கார் தெரிஞ்சுது. போலீஸ்தான் வெளியே எடுத்தாங்க. நம்பரு, பேப்பரு எல்லாம் மக்கிப் போச்சு. யாரோடதுன்னு தேடிப் பார்த்துட்டு, கடைசியில ஏலம் விட்டாங்க. நான் எடுத்தேன்.”

அவள் படத்தில் இருந்த ஏழாவது திருகாணியைப் பார்த்தாள். 

“உள்ள ஒத்தை ஆள்தான் இருந்தாரு. அவரையும் யாருன்னே தெரியலைம்மா.”