ஏழடி வழி

கார்மேகம் கவிந்து மூன்று நாளாயிற்று. வானமே இறங்கிவந்து கூரைமேல் அமர்ந்ததுபோல் உலகம் ஈரத்தில் அடங்கிக் கிடந்தது. சுவர் கசிந்தது, துடைத்த தரையும் மீண்டும் வியர்த்தது.

"உங்க வீட்டுக்காரர் வரலையாக்கா?" பிரசவ அறைக் கட்டிலில் கிடந்தவளின் நெற்றியை ஒற்றியபடி புதுச் செவிலி கேட்டாள். அவள் வேலையில் சேர்ந்து இரண்டாம் நாள்.

"வந்தார். வந்து என்ன புண்ணியம்? என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை!" பல்லைக் கடித்தபடி சொன்னாள் அவள்.

'நல்ல மனுஷன்!' என்று செவிலி உள்ளுக்குள் பொருமினாள்.

தலைமைச் செவிலியோ சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கதை அப்புறம். குழந்தை அழலேன்னா உடனே வார்மர்ல, அதோ அந்தச் சூட்டு மேடையில, சேர்க்கணும். ஏழடி தூரம். ஒரு கை தலைக்கு, ஒரு கை அடியில. நெஞ்சோட அணைச்சுக்கோ. ஓடாதே."

மூலையில் துப்புரவாளர் துணிக்கட்டோடு குந்தியிருந்தார். 'தரைச்சாமி' என்பது அவருக்கு அங்கே வழங்கிய பட்டப்பெயர். தரையைத் தவிர வேறெதையும் பாராதவர்.

குழந்தை பிறந்தது. பனிக்குட நீர் தரையெங்கும் பரவியது. அழுகுரல் மட்டும் எழவில்லை.

தொப்புள்கொடியை வெட்டிய டாக்டரம்மா, "வார்மருக்கு!" என்றார். துணியில் சுற்றிய சிற்றுயிரை அணைத்துக்கொண்டு செவிலி பாய்ந்தாள்.

"நில்லுங்க சிஸ்டர்!"

தரைச்சாமி குறுக்கே மண்டியிட்டிருந்தார்.

"வழி விடுங்கய்யா! உயிர் ஊசலாடுற நேரத்துல தரையா முக்கியம்?"

"கீழ தண்ணி. என் துணிமேலேயே வாங்க."

உலர்ந்த துணிகளை விரித்துக்கொண்டே அவர் முழங்காலால் பின்னோக்கி நகர்ந்தார். நிமிரவே இல்லை. அவள் அவற்றின்மேல் அடி பார்த்து நடந்தாள். ஏழாம் அடியில் வார்மர்.

டாக்டரம்மா குழந்தையின் முதுகைத் தேய்த்தார். ஒரு கணம். இன்னொரு கணம்.

மழையையும் மிஞ்சி எழுந்தது ஒரு வீறிடல்!

"பொண்ணு! தொண்டையைப் பாரு, ஊரையே எழுப்பிடுவா!" என்றாள் தலைமைச் செவிலி. எல்லார் மூச்சும் ஒன்றாய்த் தணிந்தது.

செவிலி திரும்பிப் பார்த்தாள். துணிகளின் இருமருங்கும் நீர் பளபளத்தது. ஓடியிருந்தால்? அதே ஏழடியை நிதானமாகத் திரும்ப நடந்து, குழந்தையைத் தாயின் மார்பில் சேர்த்தாள்.

தரைச்சாமி நெற்றி நிலத்தில் பட வணங்கினார். பிறகு எழுந்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, கட்டிலருகே வந்து, முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"இப்பவாவது திரும்பிப் பார்த்தீங்களே!" கட்டிலில் கிடந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"உன் முகத்தைப் பார்த்திருந்தா என் கை நடுங்கியிருக்கும்டி" என்றவர், மகளின் பிஞ்சுப் பாதத்தை ஒற்றை விரலால் தொட்டார். "நீ வைக்கிற அடியெல்லாம் வழுக்காம அமையட்டும், தாயே!"