ஏழு நாள் நனையக்கூடாது

பாலிஷ்காரர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, காரின் பானெட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக்குக் கீழே வந்ததும் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார்.

"ஒரு பொட்டு இல்ல சார். அன்னிக்கு எப்படி அனுப்பினேனோ அப்படியே இருக்கு."

கணக்கு வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

கடையில் வேலையாக இருந்த மற்ற இருவரையும் பாலிஷ்காரர் கூப்பிட்டுக் காட்டினார். வண்டி வைத்திருந்தால் இப்படி வைத்திருக்க வேண்டும் என்றார்.

புது பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய கோட்டிங் போட்டு, ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். ஏழு நாள் முடிந்து வந்தால் முதல் கழுவலை அவரே செய்து தருவார். பலர் மறுநாளே மழையில் ஓட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல வந்து முழிப்பார்கள். வாத்தியாரோ இருபது நாள் கழித்து வந்திருக்கிறார். வண்டி இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. செல்போனுக்கு உறை போட்டு, அந்த உறைக்கும் ஒரு பை தைத்துக்கொண்ட மனிதர் அவர். புது சோபாவின் பிளாஸ்டிக்கை மூன்று வருடம் யாரையும் கிழிக்கவிடவில்லை. வந்த விருந்தாளிகள் எல்லாம் சரசரவென்றுதான் உட்கார்ந்தார்கள். தம்பி சட்டைக்கே ஒரு சட்டை போடுவான் என்று அக்கா கேலி செய்வாள்.

இது ஐம்பத்திரண்டு வயதில் வாங்கிய முதல் கார். கோட்டிங் போட்டு வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் கூரை ஒரு மூலையில் ஒழுகியதும், தான் தொப்பலாக நனைந்துகொண்டு மேலே ஏறி தார்ப்பாய் கட்டினார்.

அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாடகை வண்டி பிடிக்கிறேன் என்றாள் அக்கா. அம்மா அசைந்துகொடுக்கவில்லை. மகன் கார் வாங்கியிருக்கிறான், போனால் அதில்தான் போவேன் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குக் காரின் நிறம்கூடத் தெரியும்.

அம்மாவே போன் செய்து கேட்டாள். வாத்தியார் கோட்டிங் விஷயத்தை விளக்கமாகச் சொன்னார். ஏழு நாள் முடியட்டும், ஜம்மென்று வந்து கூட்டிப்போகிறேன் என்றார்.

"சரிப்பா, புது வண்டி நனைய வேணாம். நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்று சிரித்தாள் அம்மா.

துணிப்பையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாளாம். அக்கா பிறகு சொன்னாள்.

கோட்டிங் போட்ட ஐந்தாம் நாள் அம்மா இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரி வண்டியில்தான் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் கொட்டிய மழையில் அந்த வண்டி நனைந்துகொண்டே வந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு ஷெட்டுப் பக்கமே அவர் போகவில்லை. கடையிலிருந்து மூன்று முறை போன் வந்தது. இன்று அவர் வந்திருப்பதும் வண்டியைக் கழுவுவதற்காக அல்ல.

அவருக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும்.

நனைந்திருந்தால் பாழாய்ப் போயிருக்கும், ஜென்மத்துக்கும் கறை போயிருக்காது என்று இந்த மனிதர் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அம்மாவைக் காக்க வைத்ததற்கு அப்போது ஒரு காரணமாவது மிஞ்சும். அற்பக் காரணம்தான். அதையாவது பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம்.

பாலிஷ்காரர் குழாயைத் திறந்து பானெட்டின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினார். தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது. எங்கேயும் ஒரு துளி தங்கவில்லை.

அந்த வாரத்திலேயே மழையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாத்தியார் கேட்டார். வகுப்பில் விடை தெரிந்த கேள்வியைக் கேட்கும் அதே குரல்தான்.

சொன்ன பேச்சை இவ்வளவு சுத்தமாகக் கேட்டவரிடம் ஒளிப்பானேன் என்று பாலிஷ்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு நாள் நனையாம இருந்தாலே போதும் சார். ரெண்டுன்னு சொன்னா அரை நாள்கூட யாரும் காப்பாத்த மாட்டாங்க, அதான் எல்லார்கிட்டயும் ஏழுன்னு சொல்றது."

சொல்லிவிட்டு, பின்பக்கத்தை நனைக்கக் குழாயோடு நகர்ந்து போனார்.

வாத்தியாருடைய கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தது. திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி கடையிலிருந்து வந்தது. செவ்வாய் ஒன்று. புதன் இரண்டு.

அம்மா போன் செய்தது வியாழக்கிழமை.